டெர்ராஃபார்மிங் மார்ஸ்: எந்த அட்டையை வாங்குவது, எதைக் கழிப்பது

ஃப்ரிக்ஸ்கேம்ஸ் 2016-இல் வெளியிட்ட டெர்ராஃபார்மிங் மார்ஸ் பலகை ஆட்டத்தை நான் ஆடத் தொடங்கியபோது, விதிகளைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதுமாக இருந்தது. ஆளுக்கொரு நிறுவனமாக ஆடி, திட்ட அட்டைகளை இறக்கி, செவ்வாயின் வெப்பநிலை, ஆக்சிஜன், கடல்கள் மூன்றையும் உயர்த்திப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் இது. அட்டைகளைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. முதல் முறை ஹீலியான் நிறுவனத்தை எடுத்து, கைக்கு வந்த 10 அட்டைகளும் நன்றாகத் தெரிந்ததால் பத்தையும் வாங்கினேன். அதற்கு 30 கிரெடிட் (ஆட்டத்தின் பணம்) போயிற்று. நிறுவனம் கொடுத்த 42-இல் மிச்சம் இருந்தது 12. அந்தப் பன்னிரண்டைக் கொண்டு ஒரே ஓர் அட்டையை இறக்கிவிட்டு, மற்றவர்கள் மூன்று, நான்கு என்று இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கிய பத்தில் நான்கு அட்டைகள் ஆட்டம் முடியும்வரை என் கையிலேயே இருந்தன.

அந்த 12 கிரெடிட் நிலைமை உங்களுக்கு வராமல் இருப்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். விதிகளை ஒருமுறை படித்துவிட்டவர்களுக்கும், ஓரிரு ஆட்டங்கள் ஆடி எங்கே பின்தங்கினோம் என்று புரியாமல் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். இங்கே சொல்வதெல்லாம் அடிப்படைப் பெட்டியில் உள்ள 208 திட்ட அட்டைகளுக்கு உரியது. விரிவாக்கப் பெட்டிகளை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

1. முதலில் அட்டையைப் படிக்கப் பழகுங்கள்

ஒவ்வொரு திட்ட அட்டையிலும் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். இடது மேல் மூலையில் விலை இருக்கும். அதற்குப் பக்கத்தில், இருந்தால், நிபந்தனை இருக்கும்: இத்தனை பாகை வெப்பம், இத்தனை சதவீதம் ஆக்சிஜன், இத்தனை கடல்கள், இத்தனை அறிவியல் குறிகள் என்பது போல. வலது மேல் மூலையில் அட்டையின் வகையை (அறிவியல், கட்டுமானம், விண்வெளி என்பது போல) காட்டும் வட்ட வட்டமான குறிகள் இருக்கும். வலது கீழ் மூலையில் வெற்றிப் புள்ளி இருக்கும். புதியவர்கள் அனைவரும் நடுவில் உள்ள படத்தையும் பலனையும் படித்துவிட்டு மயங்குகிறார்கள்; நிபந்தனையைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் இதைத் தலைகீழாக்குங்கள். நிபந்தனை, விலை, குறி, அதன் பிறகே பலன் என்ற வரிசையில் படித்தால் பாதி அட்டைகளை அந்த இடத்திலேயே கழித்துவிடலாம்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். பச்சை அட்டை இறக்கியவுடன் பலனைக் கொடுத்துவிட்டு, குறியை மட்டும் உங்கள் முன்னால் வைத்திருக்கும். நீல அட்டை ஆட்டம் முழுவதும் வேலை செய்யும். அதில் செயல் இருந்தால் தலைமுறைக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு, ஒருமுறை பயன்படுத்தலாம். சிவப்பு அட்டை ஒரு நிகழ்வு. அதை இறக்கிப் பலனை எடுத்துக்கொண்டு கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அதன் குறி பிறகு கணக்கில் வராது. இதை மறந்துவிட்டு, கவிழ்த்து வைத்த நிகழ்வு அட்டையின் குறியையும் சேர்த்து எண்ணித் திட்டமிடுபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. அட்டையின் உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

மூலையில் அச்சிட்டிருப்பது இறக்கும் விலை மட்டுமே. அட்டையைக் கையில் எடுக்கவே 3 கிரெடிட் கொடுக்க வேண்டும். ஆகவே வாங்கலாமா என்று யோசிக்கும் நேரத்தில் அச்சிட்ட விலையோடு எப்போதும் 3-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ‘மைன்’ அட்டையின் விலை 4 என்றால் உங்களுக்கு அது 7. ‘ஸ்பான்சர்ஸ்’ விலை 6 என்றால் உங்களுக்கு அது 9. மலிவான அட்டைகளில்தான் இந்த மூன்று பெரிய பங்காக அமர்ந்திருக்கிறது. மலிவாக இருக்கிறதே என்று ஐந்தாறு சிறிய அட்டைகளை அள்ளிக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஆனால் வாங்கிய பிறகு இந்தக் கணக்கு மாறுகிறது. கொடுத்த 3 திரும்ப வராது. அட்டையை விற்றால் 1 கிரெடிட் மட்டுமே கிடைக்கும். எனவே கையில் இருப்பதை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது அச்சிட்ட விலையை மட்டும் பாருங்கள். பணம் கொடுத்து வாங்கிவிட்டோம் என்ற காரணத்துக்காகவே பயனில்லாமல் போன அட்டையை எப்படியாவது இறக்கத் துடிப்பது, வாங்கியதால் வந்த நட்டத்தை இரட்டிப்பாக்கும்.

அடுத்து, கிடைப்பதற்கு ஒரு விலை போட வேண்டும். இதற்கு ஆட்டமே ஓர் அளவுகோல் தந்திருக்கிறது: அட்டை எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொதுத் திட்டங்கள். மின்சார உற்பத்தி ஒரு படி உயர 11, வெப்பநிலை ஒரு படி உயர 14, ஒரு கடல் வைக்க 18, ஒரு பசுமை வில்லை (பலகையில் வைக்கும் காட்டுத் துண்டு) வைக்க 23, ஒரு நகரம் வைக்க 25. பொதுத் திட்டத்தைவிடக் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்து தராத அட்டையை வாங்குவதில் பொருள் இல்லை.

‘ஆஸ்ட்ராய்டு’ அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 14, வாங்க 3, மொத்தம் 17. வெப்பநிலை ஒரு படி உயரும். 2 டைட்டானியமும் கிடைக்கும். விண்வெளி அட்டைகளுக்கு ஒரு டைட்டானியம் 3 கிரெடிட்டாகச் செல்லும் என்பதால் அவற்றின் மதிப்பு 6. அப்படியானால் ஒரு படி வெப்பத்துக்கு நீங்கள் உண்மையில் கொடுத்தது 11. பொதுத் திட்டத்தில் அது 14. கூடவே எதிராளியின் செடிகளில் மூன்றுவரை அழிக்கலாம். ஆனால் இறக்குவதற்கு விண்வெளி அட்டையே கையில் இல்லாதவருக்கு அந்த 6 வெறும் எண்ணாகவே நிற்கும். அவர் கொடுத்த விலை முழுப் பதினேழு.

என் மேசையில் நான் வைத்திருக்கும் மதிப்பு இது: எஃகு 2, டைட்டானியம் 3, கைக்கு வரும் ஓர் அட்டை 3, ஒரு செடி ஏறத்தாழ 2, ஒரு வெப்பம் ஏறத்தாழ 1. முதல் இரண்டும் விதியே சொல்வது. செடிக்கும் வெப்பத்துக்கும் உள்ளவை என் அனுபவத்தில் வந்த மதிப்புகள்; அவற்றை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

3. இன்னும் எத்தனை தலைமுறை இருக்கிறது என்று எண்ணுங்கள்

இந்த ஆட்டத்தில் அட்டையின் தரம் என்பது தனியாக இல்லை. எப்போது இறக்குகிறோம் என்பதோடு சேர்ந்துதான் இருக்கிறது. ‘ஸ்பான்சர்ஸ்’ அட்டை தலைமுறைக்கு 2 கிரெடிட் தரும். அதன் முழு விலை 9. ஆகவே ஐந்து முறை பணம் வந்தால்தான் அது ஒரு கிரெடிட்டாவது லாபம் காட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைசித் தலைமுறையின் முடிவிலும் உற்பத்தி நடக்கும். ஆனால் அந்தப் பணத்தைச் செலவழிக்க அதன் பிறகு தலைமுறை இல்லை. அப்போது வரும் செடிகளை மட்டுமே, இறுதியில் ஒரு முறை பசுமை வில்லையாக மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. எனவே ஆட்டம் பத்தாம் தலைமுறையில் முடியும் என்றால், ஐந்தாம் தலைமுறையில் இறக்கிய ‘ஸ்பான்சர்ஸ்’ பயன்படக்கூடிய ஐந்து உற்பத்திகளைத் தரும். ஆறாம் தலைமுறையில் இறக்கினால் நான்கு மட்டுமே, அதாவது எட்டு கிரெடிட், ஒன்பது கொடுத்து வாங்கியதற்கு. ‘அக்வயர்டு கம்பெனி’க்கும் இதே கணக்குதான்: 13 கொடுத்துத் தலைமுறைக்கு 3.

ஆட்டம் எப்போது முடியும் என்பதைப் பலகையைப் பார்த்தே கணிக்கலாம். வெப்பநிலை -30 பாகையிலிருந்து +8 வரை இரண்டிரண்டாக ஏறுகிறது: 19 படிகள். ஆக்சிஜன் 14 சதவீதம் வரை: 14 படிகள். கடல்கள் 9. மொத்தம் 42 படிகள். மூன்றும் நிறைந்துவிட்ட தலைமுறையோடு ஆட்டம் முடியும். ஒவ்வொரு தலைமுறையின் முடிவிலும் மிச்சம் எத்தனை படி என்று எண்ணி, கடந்த தலைமுறையில் மேசை முழுவதும் சேர்ந்து எத்தனை படி ஏற்றியது என்பதால் வகுத்துப் பாருங்கள். இருபது படி மிச்சம், சென்ற முறை ஐந்து படி ஏறியது என்றால் விடை நான்கு. ஆனால் எல்லோருடைய வருமானமும் வளர்ந்துகொண்டே போவதால் அதை மூன்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஆடும்போது எங்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒன்பது, பத்து தலைமுறைகளில் முடிகின்றன. இரண்டு பேர் மட்டும் ஆடினால் இன்னும் நீளும். இந்த எண்ணிக்கையை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைப்பது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. நான் இன்றும் எழுதுகிறேன்.

4. முதல் பத்து அட்டைகள்: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

முதல் ஆட்டம் என்றால் தொடக்கநிலை நிறுவன அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 42 கிரெடிட் கிடைக்கும். பத்து அட்டைகளும் இலவசம். இரண்டாம் ஆட்டத்திலிருந்து இரண்டு நிறுவன அட்டைகளும் பத்துத் திட்ட அட்டைகளும் சேர்ந்து வரும். நிறுவனத்தையும் வாங்கப்போகும் அட்டைகளையும் ஒன்றாகவே தீர்மானிக்க வேண்டும். நிறுவனத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அட்டைகளைப் பிறகு பார்ப்பது தவறு.

ஒரு கையை முழுதாகப் பிரித்துக் காட்டுகிறேன். உற்பத்தி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் ‘கார்ப்பரேட் எரா’ முறையில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். நிறுவனங்கள் இரண்டு: ‘ஈகோலைன்’, ‘இன்டர்பிளானட்டரி சினிமாட்டிக்ஸ்’. கையில் உள்ளவை: மைன், டீப் வெல் ஹீட்டிங், ஸ்பான்சர்ஸ், ஸ்பேஸ் எலிவேட்டர், ஆஸ்ட்ராய்டு, பேர்ட்ஸ், ஆன்ட்டி-கிராவிட்டி டெக்னாலஜி, ஏ.ஐ. சென்ட்ரல், ரிசர்ச், ஐயோ மைனிங் இண்டஸ்ட்ரீஸ்.

ஈகோலைன் செடிகளுக்கு உரிய நிறுவனம். ஏழு செடிகளுக்கே ஒரு பசுமை வில்லை வைக்கலாம் என்பது அதன் பெரும் பலம். ஆனால் இந்தக் கையில் ஒரு செடி அட்டைகூட இல்லை. சினிமாட்டிக்ஸ் 30 கிரெடிட்டும் 20 எஃகும் தருகிறது. எஃகு கட்டுமானக் குறி உள்ள அட்டைகளுக்கு இரண்டு கிரெடிட்டாகச் செல்லும். கையில் அப்படி மைன், டீப் வெல் ஹீட்டிங், ஸ்பேஸ் எலிவேட்டர், ஏ.ஐ. சென்ட்ரல் என்று நான்கு இருக்கின்றன. எனவே சினிமாட்டிக்ஸ்.

இப்போது கழிக்க வேண்டியவை. ‘பேர்ட்ஸ்’ இறங்க ஆக்சிஜன் 13 சதவீதம் வேண்டும்; அது ஆட்டத்தின் இறுதிப் பகுதி. ‘ஆன்ட்டி-கிராவிட்டி டெக்னாலஜி’ ஏழு அறிவியல் குறிகளைக் கேட்கிறது. ‘ஏ.ஐ. சென்ட்ரல்’ தலைமுறைக்கு இரண்டு அட்டைகளை இலவசமாகத் தரும் மிக நல்ல அட்டை. ஆனால் மூன்று அறிவியல் குறிகள் இல்லாமல் அது இறங்காது. ‘ரிசர்ச்’ இரண்டு குறிகளைத் தரும். மூன்றாவதுக்கு வழி தெரியவில்லை. ‘ஐயோ மைனிங்’கின் விலை 41. இவை ஐந்தும் நல்ல அட்டைகள்தான். இந்தக் கையில், இந்த நேரத்தில், இவற்றை வாங்கினால் 15 கிரெடிட் உறங்கும். கழிக்கும்போது மனம் வலிக்கும், வலித்தாலும் கழியுங்கள்.

மிச்சம் ஐந்து அட்டைகளுக்கு 15 கொடுத்தால் கையில் 15 இருக்கும். ஸ்பேஸ் எலிவேட்டரின் விலை 27: 13 எஃகும் 1 கிரெடிட்டும். மைன் விலை 4: 2 எஃகு. டீப் வெல் ஹீட்டிங் விலை 13: இங்கே ஐந்து எஃகையும் கொட்டாமல் 4 எஃகும் 5 கிரெடிட்டும் கொடுங்கள். ஸ்பான்சர்ஸுக்கு 6 கிரெடிட். இப்போது 3 கிரெடிட்டும் ஓர் எஃகும் மிச்சம். அந்த ஓர் எஃகை ஏன் வைத்திருந்தோம் என்றால், ஸ்பேஸ் எலிவேட்டரின் செயல் ஓர் எஃகைக் கொடுத்து 5 கிரெடிட் வாங்குவது. இரண்டு கிரெடிட் பெறுமானமுள்ள பொருள் ஐந்தாகிறது. கையில் 8 கிரெடிட்.

உற்பத்திக் கட்டத்தில் என்ன வரும் என்று பாருங்கள். எல்லோரும் 20 டெர்ராஃபார்ம் மதிப்போடு தொடங்குகிறார்கள். வெப்பநிலை, ஆக்சிஜன், கடல் எதையாவது ஒரு படி உயர்த்தினால் அது ஒன்று கூடும்; தலைமுறைதோறும் அந்த அளவு கிரெடிட்டாகவும், இறுதியில் புள்ளியாகவும் அது வரும். டீப் வெல் வெப்பநிலையை ஒரு படி உயர்த்தியதால் உங்களுடையது 21. ஸ்பான்சர்ஸின் 2 சேர்ந்து 23. இருந்த எட்டோடு 31. மேலும் ஓர் எஃகு, ஒரு டைட்டானியம், ஓர் அலகு மின்சாரம். மைன் ஒவ்வொரு தலைமுறையும் தரும் எஃகை எலிவேட்டர் ஐந்து கிரெடிட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த தலைமுறையில் ஆஸ்ட்ராய்டை ஒரு டைட்டானியமும் 11 கிரெடிட்டும் கொடுத்து இறக்கினால், நிகழ்வு அட்டை இறக்கும்போதெல்லாம் சினிமாட்டிக்ஸ் தரும் 2 கிரெடிட்டும் சேரும்.

ஐந்து அட்டைகள், ஐந்தும் ஒன்றையொன்று தாங்குகின்றன. முதல் கையில் நீங்கள் தேட வேண்டியது இந்தத் தாங்கல்தான். மூன்று அட்டைகள் மட்டுமே இப்படி அமைந்தால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தலைமுறைகளுக்குள் இறக்க முடியாத எதற்கும் முதல் கையில் பணம் கொடுக்காதீர்கள்; அன்றைக்கு மூன்று கிரெடிட் என்பது பெரிய தொகை.

5. ஒவ்வொரு தலைமுறையும் வரும் நான்கு அட்டைகள்

இரண்டாம் தலைமுறையிலிருந்து ஒவ்வொரு முறையும் நான்கு அட்டைகள் வரும். எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், ஒன்றுமே வாங்காமலும் இருக்கலாம். கையில் இறக்க வேண்டிய அட்டைகள் போதுமான அளவு இருக்கும்போது எதையும் வாங்காமல் விடுவது முழுமையாக நியாயமான முடிவு.

வாங்கும் முன் கையில் ஏற்கெனவே இருப்பவற்றின் விலைகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் இரண்டு தலைமுறை வருமானத்தைத் தாண்டிவிட்டால், புதிதாக வாங்கும் அட்டை பழையவற்றில் ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் இறங்கும். தள்ளிவைக்கப்போகும் அட்டையைவிட இது சிறந்ததா என்பதே அப்போதைய கேள்வி.

மேசையில் டிராஃப்ட் முறையில் ஆடினால், அதாவது நான்கில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால், இன்னொரு கவனம் வேண்டும். அவரிடம் ஜூபிடர் குறிகள் குவிந்திருக்கும்போது ‘ஐயோ மைனிங்’ அல்லது ‘கனிமீட் காலனி’யைக் கொடுத்து அனுப்பாதீர்கள், இரண்டும் ஒவ்வொரு ஜூபிடர் குறிக்கும் ஒரு புள்ளி தருபவை. டிராஃப்டில் எடுத்துக்கொண்ட அட்டைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. எடுத்துத் தடுத்துவிட்டு, பிறகு வாங்காமல் கழித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தடுப்பதையே வேலையாக வைத்திருந்தால் உங்கள் கை வெறுமையாகிவிடும். எனக்கு உண்மையில் உதவும் அட்டை எதுவும் இல்லாத சுற்றில் மட்டுமே தடுக்கிறேன்.

6. நிபந்தனை உள்ள அட்டைகளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒருவகை நிபந்தனை ‘இதற்கு மேல் இருக்க வேண்டும்’ என்பது. இன்னொரு வகை ‘இதைத் தாண்டியிருக்கக் கூடாது’ என்பது. இரண்டாம் வகையை உடனே இறக்க வேண்டும். வாய்ப்புக் கதவு மூடிவிடும். ‘ஆர்க்டிக் ஆல்கே’ -12 பாகைக்குள்தான் இறங்கும். இறங்கிவிட்டால் யார் கடல் வைத்தாலும் உங்களுக்கு 2 செடிகள். ஒன்பது கடல்களும் மிச்சம் இருக்கும்போது 12 கிரெடிட்டுக்கு இதைவிட நல்ல செடி அட்டை குறைவு. ஐந்து கடல்கள் வைத்தாகிவிட்ட பிறகு அதே அட்டை சாதாரணமானது.

முதல் வகையில், பலகை எந்தப் பக்கம் வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்தே தீர்மானிக்க வேண்டும். ‘ஃபிஷ்’ அட்டைக்கு +2 பாகை வேண்டும். அதன் பிறகு வெப்பநிலைக்கு மூன்று படிகளே மிச்சம். கேட்கும்போது தாமதமாகத் தோன்றும். ஆனால் ஹீலியான் போன்ற வெப்ப நிறுவனம் மேசையில் இருப்பதால் வெப்பநிலை முந்திக்கொண்டு ஓடி, ஆக்சிஜன் ஆறு, ஏழு சதவீதத்திலேயே இருந்தால் இன்னும் நான்கு தலைமுறைகள் இருக்கும். மொத்தம் 12 கிரெடிட்டுக்குத் தலைமுறைக்கு ஒரு மீனாக நான்கு புள்ளிகள். வேறு எங்கும் இவ்வளவு மலிவாகப் புள்ளி கிடைப்பது அரிது. அதேபோல ஆக்சிஜன் முந்தும் ஆட்டத்தில் 9 சதவீதம் கேட்கும் ‘லைவ்ஸ்டாக்’ மிக நல்லது. விலங்கு அட்டைகளை இறக்கிய அதே தலைமுறையில் செயலைப் பயன்படுத்த மறக்காதீர்கள். ஒவ்வொரு மறதியும் ஒரு புள்ளி. எதிராளியிடம் ‘பிரிடேட்டர்ஸ்’ இருந்தால் அவர் உங்கள் விலங்குகளைத் தின்னுவார் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செடி அட்டைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ‘ட்ரீஸ்’ -4 பாகையில் இறங்கும். செடி உற்பத்தியை மூன்று படி உயர்த்தும். ‘கெல்ப் ஃபார்மிங்’ ஆறு கடல்களுக்குப் பிறகு அதையே செய்து, தலைமுறைக்கு 2 கிரெடிட்டும் தரும். இரண்டும் நான் கிடைத்தால் விடாத அட்டைகள். ஆனால் எட்டுச் செடிகள் சேர்ந்தவுடன் உங்கள் முறையிலேயே வில்லையாக மாற்றிவிடுங்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த செடிகள்மீது ‘பிக் ஆஸ்ட்ராய்டு’ விழுந்து நான்கு செடிகள் போன ஆட்டம் எனக்கு உண்டு.

7. மின்சாரமும் குறிகளும்

அட்டையில் மின்சார உற்பத்தியைக் குறைக்கச் சொல்லியிருந்தால், குறைக்க உங்களிடம் உற்பத்தி இருந்தால்தான் அட்டை இறங்கும். பண உற்பத்தி மட்டுமே பூஜ்யத்துக்குக் கீழே, -5 வரை போகலாம். மற்ற எதுவும் போகாது. நகர அட்டைகளில் பலவும் ஏ.ஐ. சென்ட்ரலும் மின்சாரம் கேட்பவை. மின்சாரம் கேட்கும் அட்டைகள் மூன்றும் மின்சாரம் தரும் அட்டை ஒன்றுமில்லாத கையோடு மாட்டிக்கொண்டால் பொதுத் திட்டத்தில் படிக்கு 11 கொடுக்க வேண்டிவரும். 4 கிரெடிட் விலையுள்ள ‘பவர் பிளான்ட்’ தனியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது. மின்சாரம் கேட்கும் அட்டை கையில் இருக்கும்போது அதைப் பார்த்தால் கட்டாயம் வாங்குங்கள்.

அறிவியல் குறி அட்டைகளைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது. முதல் இரண்டு தலைமுறைகளுக்குள் இரண்டு அறிவியல் குறிகளாவது மேசையில் இறங்கியிருந்தால் அந்தப் பாதையில் போங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஓர் அறிவியல் அட்டை என்று நம்பிக்கையோடு சேர்த்து, ஏழாம் தலைமுறையில் ஏ.ஐ. சென்ட்ரலை இறக்குபவருக்கு அது தரும் அட்டைகளை இறக்கப் பணமும் இருக்காது, காலமும் இருக்காது.

விலைக் குறைப்பு அட்டைகளும் இப்படித்தான். ‘எர்த் காடபுல்ட்’ 23 விலை. அதன் பிறகு ஒவ்வோர் அட்டைக்கும் 2 கிரெடிட் குறையும். இறுதியில் 2 புள்ளிகள். கொடுத்த 26 திரும்ப வர 13 அட்டைகள் இறக்க வேண்டும். மூன்றாம் தலைமுறையில் இறக்கினால் அது எளிதில் நடக்கும். ஏழாம் தலைமுறையில் நடக்காது.

8. மைல்கற்களுக்காக வாங்கலாம், விருதுகளுக்காக வேண்டாம்

மைல்கல் என்பது முதலில் எட்டுபவர் கோரிக்கொள்ளும் இலக்கு. ஒன்றுக்கு 8 கிரெடிட் கொடுத்தால் 5 புள்ளிகள். ஐந்தில் மூன்றை மட்டுமே மேசை முழுவதும் சேர்ந்து கோர முடியும். இவ்வளவு மலிவான புள்ளி பலகையில் வேறில்லை. எட்டுக் கட்டுமானக் குறிகள் வேண்டும் ‘பில்டர்’ மைல்கல்லுக்கு ஆறு குறிகளை எட்டிவிட்டீர்கள் என்றால், பலன் சுமாராக இருந்தாலும் கட்டுமானக் குறி உள்ள மலிவான அட்டைகளைத் தாராளமாக வாங்குங்கள். ‘பிளானர்’ மைல்கல் கையில் 16 அட்டைகள் கேட்கிறது. அதற்காகவே அட்டைகளை வாங்கிக் குவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு அட்டைகள் கூடுதலாக வாங்கினால் 24 கிரெடிட், மைல்கல்லுக்கு 8, ஆக 32. அதோடு அந்தக் காலம் முழுவதும் உங்கள் உற்பத்தி வளராமல் நிற்கும்.

விருது என்பது ஏதாவது ஒன்றில் முன்னிலையில் இருப்பவருக்குப் புள்ளி தருவது. அதில் யார் முதல் என்று ஆட்டத்தின் முடிவில்தான் தெரியும். விருதுக்குப் பணம் கட்டியவர் ஒருவராக இருந்தாலும் புள்ளி வேறொருவருக்குப் போகலாம். முன்னிலையில் இருக்கும்போது விருதுக்குப் பணம் கட்டுங்கள்; முன்னிலைக்கு வருவதற்காக அட்டை வாங்காதீர்கள்.

9. கடைசி இரண்டு தலைமுறைகள்

மிச்சம் இரண்டு தலைமுறை என்று தெரிந்தவுடன் பண உற்பத்தி அட்டைகளையெல்லாம் மறந்துவிடுங்கள். இனி ஒரே கேள்வி: ஒரு புள்ளிக்கு எத்தனை கிரெடிட்? பொதுத் திட்டத்தில் ஒரு பசுமை வில்லை 23. ஆக்சிஜன் இன்னும் முடியவில்லை என்றால் டெர்ராஃபார்ம் மதிப்பில் ஒன்று, வில்லைக்கு ஒன்று என இரண்டு புள்ளிகள். உங்கள் நகரத்தின் பக்கத்தில் வைத்தால் மூன்று. ஆகவே புள்ளிக்கு எட்டு கிரெடிட்டுக்கு மேல் கேட்கும் அட்டையை, நகரத்தின் பக்கத்தில் இடம் இருக்கும்வரை, வாங்க வேண்டாம்.

வெப்பநிலை +8-ஐத் தொட்டுவிட்டால் வெப்பம் தரும் அட்டைகள் பெரும்பாலும் ஒரே நொடியில் மதிப்பிழக்கும். உங்களிடம் நிறைய வெப்பம் குவிந்திருந்தால் அப்போது ‘கேர்டேக்கர் கான்ட்ராக்ட்’ நல்ல துணை: 3 கிரெடிட் விலை, தலைமுறைக்கு ஒருமுறை 8 வெப்பத்துக்கு ஒரு டெர்ராஃபார்ம் மதிப்பு. வெப்ப நிறுவனத்தோடு ஆடுபவர்கள் அதைப் பார்த்தவுடன் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசித் தலைமுறையின் நான்கு அட்டைகளைப் பார்க்கும்போது, அந்தத் தலைமுறையிலேயே இறக்கி அப்போதே புள்ளியாகக்கூடியதை மட்டும் வாங்குங்கள். பிறகு கையில் இறக்க முடியாமல் நிற்கும் அட்டைகளை எண்ணுங்கள். ஒன்றுக்கு ஒரு கிரெடிட் வீதம் எல்லாவற்றையும் ஒரே செயலில் விற்கலாம். என்னிடம் ஒருமுறை 20 கிரெடிட்டும் இறக்க முடியாத நான்கு அட்டைகளும் இருந்தன. நான்கையும் விற்று 24 ஆக்கி, 23-க்கு ஒரு பசுமை வில்லையை என் நகரத்தின் பக்கத்தில் வைத்தேன். மூன்று புள்ளிகள் வந்தன. அந்த ஆட்டத்தில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றேன்.